கட்டைவிரல் மறைத்த தேதி

அந்தப் படத்தை எனக்குக் காட்டியது என் மருமகள். சனிக்கிழமை காலை, டீ குடித்துக்கொண்டிருந்தேன். "மாமா, இது நம்ம பிளவுஸ் தைக்கிற அக்கா பேருதானே?" என்று போனை நீட்டினாள்.

அடகுக் கடைப் பதிவேட்டின் ஒரு பக்கம். நீலக்கோடு போட்ட நீள நோட்டு. ஒரு வரியில் பெயர், வீட்டு முகவரி, 13 இலக்க அடையாள எண், செல்போன் எண், அப்புறம் 'தங்கக் காப்பு 2'. நோட்டைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல் இடது ஓரத்தில், தேதி எழுதும் பத்தியின் மேல் கிடந்தது. நகத்தில் பேனா மை. படத்துக்குக் கீழே திருடி என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் 200 பேருக்கு மேல் இருக்கிறோம். நான் பார்த்தபோது பாதிப் பேர் பார்த்து முடித்திருந்தார்கள்.

அக்கா அப்போது லாக்கப்பில் இருந்தார்.

நான் வக்கீல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன், கடிதம் எழுதிக் கொடுப்பேன். அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடை, காவல் நிலையம், கோர்ட் எது என்று சொல்லப் போவதில்லை.

அக்காவுக்கு வயது 63. கணவர் இல்லை. சாசா என்கிற அரசு சமூகநல அமைப்பின் முதியோர் உதவித்தொகை வருகிறது, அதோடு புடவை பிளவுஸ் தையல். மகள் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் போனதிலிருந்து இரண்டு பேரப்பிள்ளைகள் இவரோடு இருக்கிறார்கள். இங்கே பள்ளிக்கூட வருஷம் ஜனவரியில் தொடங்கும். யூனிஃபார்ம், ஷூ, நோட்டு எல்லாம் ஒரே வாரத்தில் வாங்க வேண்டும், அதுவும் டிசம்பர் செலவு முடிந்த கையோடு. அதனால் வருஷா வருஷம் ஜனவரியில் அம்மாவின் காப்பு இரண்டும் கடைக்குப் போகும். ஏப்ரல், மே வாக்கில் திரும்பி வரும். அக்காவின் அம்மா மார்க்கெட்டில் கீரை விற்றவர். சிறுகச் சிறுகச் சேர்த்து, கிரே தெருவில் பவுன் கணக்குப் பார்த்து அடித்து வாங்கிய காப்பு அது. இப்போது அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுப் டாடூ பெயர் வைத்தாகிவிட்டது, ஆனால் அக்கா வயதுக்காரர்களுக்கு அது இன்னும் கிரே தெருதான். ஒரு காப்பில் பற்றவைத்த தழும்பு உண்டு. இந்தத் தழும்பு பின்னால் வேலைக்கு வரும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அடகுக் கடை என்றால் இரும்புக் கம்பிக்குப் பின்னால் சேட்டு உட்கார்ந்திருக்கும் நகைக் கடையை நினைக்காதீர்கள். பழைய டிவி, டிரில் மெஷின், கிட்டார், ஸ்பீக்கர் எல்லாம் அடுக்கியிருக்கும். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மோதிரமும் வாட்சும். ஒரே கவுண்டரில் விற்கவும் செய்யலாம், அடகு வைக்கவும் செய்யலாம். திருட்டுச் சாமான் நுழைவதற்கும் அதே கவுண்டர்தான் வழி. அதனால்தான் சட்டம் இந்தக் கடைகளை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது.

பழைய பொருள் வணிகத்துக்கு 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதன்படி கடைக்காரர் போலீசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பொருளைக் கொண்டு வந்தவர் யார், எங்கே இருக்கிறார், அடையாள எண் என்ன, பொருள் என்ன, எந்தத் தேதியில் வந்தது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பொருள் திருட்டோ என்று சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். காவலர் கடை நேரத்தில் வந்து ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம். ஆக, அடகு வைக்கிற ஏழையைப் பற்றி இந்த ஊரில் வங்கியில் இருப்பதைவிட விவரமாக எழுதி வைத்திருக்கிற இடம் அந்தக் கவுண்டர். அடையாள எண்ணின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. எண்ணைக் கொடுத்தால் வயதையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புகார் கொடுத்த பெண்மணியும் கோயிலுக்கு வருகிறவர்தான். அக்காவிடம் பிளவுஸ் தைப்பவர். அளவு பார்க்க, தைத்ததைக் கொடுக்க என்று அக்கா அவர் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறார். பிப்ரவரியில் அவருடைய தங்கக் காப்பு இரண்டு காணாமல் போயிற்று. வீடு முழுக்கத் தேடினார், வேலைக்காரப் பெண்ணைக் கேட்டார், போலீசில் வாக்குமூலம் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பக்கத்து அடகுக் கடைகளில் தானே போய் விசாரித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொருளைத் தொலைத்தவர் தேடத்தான் செய்வார். ஒரு கடையில் கவுண்டரில் நின்ற பையன் ஏட்டைப் புரட்டி, "போன மாசம் இப்படி ரெண்டு வந்துச்சு" என்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டான்.

அந்தப் படம் முதலில் கோயில் குழுவுக்கும், கொஞ்ச நேரத்தில் புலன்விசாரணைக் காவலரின் போனுக்கும் போனது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வாக்கில் அக்கா வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றது.

வெள்ளி மாலை என்பதைக் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு, கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தச் சொல்கிறது. ஆனால் அந்த 48 மணி நேரம் கோர்ட் இல்லாத நேரத்தில் முடிந்தால், அடுத்த கோர்ட் நாள் முடியும்வரை வைத்திருக்கலாம். ஆகவே வெள்ளி மாலை கைதானவர் திங்கள் மாலை வரை சட்டப்படியே உள்ளே இருக்கலாம். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரையாவது மிரட்டுவதென்றாலே "வெள்ளிக்கிழமை தூக்கிடுவாங்க" என்பார்கள். ஆனால் திங்கள் வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி என்பதில்லை. சிறு குற்றங்களுக்கு நிலையத்திலேயே போலீஸ் பிணை தரலாம், குற்ற நடைமுறைச் சட்டம் 59ஆம் பிரிவு. அதைவிடச் சற்றுப் பெரியவற்றுக்கு, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே அரசு வழக்கறிஞர் பிணை தரலாம், 59ஏ பிரிவு. இரவு நேரத்திலும் இதற்கென்று பணியில் ஒரு வழக்கறிஞர் இருப்பார். கேட்டால்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்காக இதைக் கேட்க அன்று இரவு அங்கே யாரும் இல்லை. சனிக்கிழமை காலை நான் போய்க் கேட்ட பிறகு, மதியம் 2 மணிக்கு 1000 ரேண்ட் பிணையில் வெளியே வந்தார்.

வந்ததும் அக்கா முதலில் சொன்னது, "தம்பி, கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன்."

மூக்குக்கண்ணாடியைச் சொன்னார். கைதானவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லி, அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். எஸ்.ஏ.பி.எஸ். 14ஏ என்று அந்தத் தாளுக்குப் பெயர். பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம், வக்கீலைக் கூப்பிடலாம், வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு செலவில் கேட்கலாம் என்று அதில் இருக்கும். அக்கா அதைப் படிக்கவில்லை, படிக்க முடியவும் இல்லை. "எல்லாரும் போடறதுதானேன்னு போட்டுட்டேன்" என்றார். உரிமைகளை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று 35(4) சொல்கிறது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். கடைத்தெரு ஆங்கிலம், பேரப்பிள்ளைகளோடு பேசுகிற ஆங்கிலம். 'வார்னிங் ஸ்டேட்மென்ட்' என்பதை அவர் ஏதோ எச்சரித்து அனுப்பப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அது சந்தேக நபரின் வாக்குமூலம் என்று அவருக்குத் தெரியாது.

அந்த வாக்குமூலத்தைப் பிறகு பார்த்தேன். இவ்வளவு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவனுக்கு வயிற்றைப் பிசைகிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தது. என்ன சொன்னீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். "காப்பை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன், பிள்ளைங்களுக்குப் பணம் வேணும்னு." அதைத் தன் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். காவலர் எழுதியது: பணம் தேவைப்பட்டதால் காப்பை எடுத்தேன், கடையில் கொடுத்தேன். 'எடுத்துக்கிட்டுப் போனேன்' என்பதில் இருந்த 'போனேன்' காகிதத்தில் விழவில்லை. தன் பெட்டியிலிருந்து எடுத்தது அடுத்தவர் பெட்டியிலிருந்து எடுத்ததாகப் படிக்கும்படி ஆகிவிட்டது. காவலர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் அது தாய்மொழி இல்லை. இரண்டு பேர் தங்களுக்குச் சொந்தமில்லாத மொழியில் பேசிக்கொண்டு, அதை மூன்றாவது ஆள் கோர்ட்டில் படிக்கும்போது இப்படித்தான் ஆகும்.

அன்று அவர் பேசாமல் இருந்திருக்கலாமா? அக்காவே கேட்டார். ஒரு குற்றமும் செய்யாதவர் ஏன் வாயை மூட வேண்டும் என்பது அவர் வாதம். குற்றமற்றவர் பேசினால் எந்த அளவு கெட்டுப்போகும் என்பதற்கு அந்த ஒரு வரியே போதும் என்றேன். வக்கீல் வரும்வரை பேசமாட்டேன் என்று சொல்வதால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

சரி, கைது சட்டப்படி சரியா? வாரண்ட் இல்லாமல் கைது செய்யக் குற்ற நடைமுறைச் சட்டம் 40(1)(பி) இடம் தருகிறது. திருட்டு முதல் அட்டவணையில் உள்ள குற்றம். ஆனால் சந்தேகம் நியாயமானதாக இருக்க வேண்டும். காவலர் மனதில் சந்தேகம் வந்தது என்பது போதாது, அந்தச் சூழ்நிலையில் நிதானமான ஓர் ஆளுக்கும் அது வர வேண்டும். இங்கே காவலரிடம் இருந்தது போனில் வந்த ஒரு படம். கடை காவல் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். போய் நோட்டைத் திறந்திருந்தால் கட்டைவிரலுக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும். அவர் போகவில்லை. இது ஒன்றே கைதைச் சட்டவிரோதம் ஆக்கும் என்று நான் சொல்லமாட்டேன், அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் சந்தேகத்தின் அஸ்திவாரம் அரை நோட்டு என்பது மட்டும் உண்மை.

கடைக்கார முதலாளியையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அவருக்குப் பயம். 1955இல் வந்த பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் பழைய சாமான் வியாபாரிகளின் தலைமேல் எப்போதும் தொங்குகின்றன. 36ஆம் பிரிவு: திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய பொருள் உன்னிடம் இருந்தால், திருப்தியான விளக்கம் தராவிட்டால் குற்றம். 37ஆம் பிரிவு: திருட்டுப் பொருளை, கொடுப்பவருக்குச் சொந்தம் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் வாங்கியிருந்தால் குற்றம். இந்த 37இல் முன்பு ஒரு கொடுமை இருந்தது. நம்பியதற்குக் காரணம் உண்டு என்று குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். 2000இல் மனமேலா வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சுமையை நீக்கியது. நிரூபிப்பது அரசின் வேலை, குற்றம் சாட்டப்பட்டவர் சந்தேகம் எழும் அளவுக்கு ஏதாவது சாட்சியம் முன்வைத்தால் போதும் என்றது. 36ஆம் பிரிவை மட்டும் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1998இல், உஸ்மான் வழக்கில் அதே நீதிமன்றம் செல்லும் என்று விட்டுவிட்டது. ஆகவே கடைக்காரர்கள் புகார்காரர் வந்தாலே கைகட்டி நிற்பார்கள். போலீசோடு சண்டை வேண்டாம், பதிவு போய்விடும் என்ற பயம். அந்தப் பையனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். முதலாளி முகம் சுளிக்காமல் இருந்தால் அதுவே பயிற்சி.

ஆனால் பயம் அனுமதி ஆகாது. கடைக்காரர் ஏட்டைக் காவலருக்குக் காட்டியது சரி, காட்ட வேண்டியதும் கூட. புகார்காரருக்குக் காட்டியது தவறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் எங்கள் மண்டபத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்: "திருட்டுன்னு வந்தப்புறம் என்ன ரகசியம்?" என்பார்கள். அடகு என்பது சட்டத்தின் கண்ணில் கடன். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் இதற்கும் பொருந்தும். அதன் 68ஆம் பிரிவு, கடன் வாங்குபவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், அவருக்கோ, அவர் சொல்கிற ஆளுக்கோ, சட்டமோ கோர்ட்டோ கேட்டாலோதான் வெளியே விடலாம் என்கிறது. காணாமல் போன காப்பைத் தேடுகிற பெண்மணி இந்த மூன்றிலும் சேரமாட்டார். இதோடு போப்பி சட்டம், அதாவது 2013ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம். அது 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, அடுத்த வருஷம் ஜூலையிலிருந்து எல்லோரையும் கட்டுகிறது. ஒருவர் குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் தகவலை அது சாதாரணத் தகவலாகப் பார்ப்பதில்லை. மதம், உடல்நிலை மாதிரி சிறப்புத் தகவல் என்று 26ஆம் பிரிவில் தனியே நிறுத்துகிறது.

போலீஸ் பார்ப்பதற்கும் எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வரும் சோதனை ஒன்று. ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல் வழக்குப் போட ஆதாரம் தேடி வரும் சோதனை இன்னொன்று. 2006இல் மகஜானே வழக்கில், சூதாட்ட உரிமம் பற்றிய விவகாரத்தில், அரசியல் சட்ட நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரித்துச் சொன்னது. இரண்டாவது வகை என்றால் வாரண்ட் வேண்டும் என்பதே பொது நிலை. வியாபாரத்தில் இறங்கியவருக்கு அந்தரங்கம் வீட்டில் இருக்கிற அளவு இருக்காது என்பதும் நீதிமன்றம் முன்பே சொன்னதுதான். ஆனால் இங்கே கடைக்காரரின் வியாபாரத் தகவல் மட்டுமா இருக்கிறது? அந்த ஏட்டில் இருப்பது பாதிக்குமேல் என் அக்கா மாதிரி ஆட்களின் வீட்டு நிலவரம். யார் வீட்டில் ஜனவரியில் பணம் இல்லை, யார் திருப்பி எடுத்தார், யார் எடுக்க முடியாமல் விட்டுவிட்டார்.

கைதுக்குப் பிறகு உறவினர்கள் கூடினார்கள். "குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டா அன்னைக்கே முடிஞ்சிடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்" என்றார் ஒருவர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் அன்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் பார்க்கிங் அபராதம் போல ஆகாது. கோர்ட் தண்டனை கொடுத்ததாகவே அது கணக்கு, போலீஸ் பதிவில் குற்றவாளி என்றும் ஏறக்கூடும். எத்தனையோ பேர் வார இறுதியில் வீட்டுக்குப் போனால் போதும் என்று கட்டிவிட்டு, ஐந்து வருஷம் கழித்து வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்து மண்டபத்தில் வந்து அழுதிருக்கிறார்கள்.

திங்களன்று கோர்ட். அரசு சட்ட உதவி வக்கீல் ஒரு இளம்பெண், கையில் அன்றைக்கு மட்டும் இருபது கோப்பு இருக்கும். வழக்கு 14 நாள் தள்ளிப்போடப்பட்டது. வெளியே வராந்தாவில் அவர் அக்காவிடம் ஒரே கேள்வி கேட்டார்: "எப்போது அடகு வைத்தீர்கள்?"

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடி."

"ரசீது?"

அக்காவிடம் பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அதற்குள் மின்சார பில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, அடகு ரசீதுகள். அன்று இரவு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டின்னைக் கவிழ்த்தோம். நான்கு ரசீது இருந்தது. நான்கும் வெறும் வெள்ளைத் தாள். மெஷினில் வருகிற சூட்டுக் காகிதம், வெயிலும் வருஷமும் சேர்ந்து எழுத்தைத் தின்றுவிட்டிருந்தது. ஒன்றை லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் கடையின் பெயர் மட்டும் நிழலாகத் தெரிந்தது. ஆகவே ஏடு ஒன்றுதான் கதி. அக்காவை மாட்டிவைத்த அதே ஏடு.

போப்பி சட்டம் 23ஆம் பிரிவின்படி, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அடையாளம் காட்டினால் போதும். வைத்திருக்கிறாயா என்று கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: என் அடையாள எண் இது, என் பெயரில் உங்கள் ஏட்டில் உள்ள எல்லாப் பதிவுகளின் பிரதியும் வேண்டும். அடையாள அட்டையின் பிரதியை இணைத்தோம். அக்காவும் நானும் கடைக்குப் போனோம். அந்தப் பையன் இல்லை. முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "சாரி அங்கிள், போப்பி. கஸ்டமர் தகவலைத் தர முடியாது."

அக்கா சிரித்துவிட்டார். கைதான பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "கஸ்டமர் நான்தாம்பா" என்றார்.

ஊருக்கெல்லாம் போன தகவல் உரியவருக்கு இல்லையாம். இதைத் திமிர் என்று நினைக்கவில்லை, நடுக்கம்தான். படம் வெளியே போனது பெரிய தப்பு என்று அவருக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். இனி எதையும் யாருக்கும் தராமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்துவிட்டார். வக்கீல் ஒரு கடிதம் அனுப்பினார், தராவிட்டால் ஏட்டோடு கோர்ட்டுக்கு வரச் சாட்சி சம்மன் கேட்பேன் என்று. ஐந்தாம் நாள் பிரதிகள் வந்தன. மற்ற வாடிக்கையாளர்களின் வரிகளை மறைத்து, அக்காவின் வரிகள் மட்டும். இதை அவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்தில் நான்கு பதிவு. நான்கிலும் அதே இரண்டு காப்பு. எடை கிராமில் ஒரு புள்ளிகூட மாறாமல் எழுதியிருந்தது. இரண்டாவது பதிவில் யாரோ அக்கறையுள்ள கை, 'ஒன்றில் பற்றவைப்பு' என்று சேர்த்திருந்தது. கடைசிப் பதிவின் தேதி ஜனவரி 9.

புகார்காரரின் வாக்குமூலத்தை வக்கீல் அரசு வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கினார். வழக்குக் கோப்பு முழுவதையும் பூட்டி வைக்க அரசுக்கு உரிமை இல்லை, தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தேவையான சாட்சி வாக்குமூலங்களைக் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம் என்று 1995இலேயே ஷபலாலா வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் அந்தப் பெண்மணி தெளிவாகச் சொல்லியிருந்தார்: கடைசியாகக் காப்பைப் போட்டது தைப்பூசக் காவடிக்கு. அது ஜனவரி கடைசியில். அவரே காவடி அன்று எடுத்துக் குழுவில் போட்ட படத்தில் கையில் காப்பு பளபளவென்று இருக்கிறது. அக்காவின் காப்பு அப்போது கடைப் பெட்டிக்குள் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வக்கீல் ஏட்டுப் பிரதி, காவடிப் படம், பழைய கல்யாணப் போட்டோவில் அக்காவின் அம்மா கையில் அதே காப்பு, எல்லாவற்றையும் சேர்த்து மூத்த அரசு வழக்கறிஞருக்கு மனு கொடுத்தார். இங்கே அதை 'ரெப்ரசன்டேஷன்' என்பார்கள். அடுத்த தேதியில் வழக்கு வாபஸ் ஆனது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிணைத் தொகையைத் திருப்பி வாங்க வரிசையில் நின்றதுதான் அன்றைக்கு நேரம் எடுத்தது.

அக்காவுக்கு அதில் திருப்தி இல்லை. "குத்தவாளி இல்லைன்னு ஜட்ஜ் சொல்லலையே?" சொல்லவில்லைதான். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் முன்பே, குற்ற நடைமுறைச் சட்டம் 6(ஏ) பிரிவின் கீழ் வழக்கைத் திரும்பப் பெற்றால் அது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. புதிய ஆதாரம் வந்தால் மறுபடியும் போடலாம். பதில் சொன்ன பிறகு நிறுத்தினால்தான் விடுதலை. நடைமுறையில் இந்த வழக்கு திரும்பி வரப் போவதில்லை. ஆனால் கோயிலில் கேட்கிறவர்களிடம் 'கோர்ட் விட்டுடுச்சு' என்று சொல்வதற்கும், 'வாபஸ் வாங்கிட்டாங்க' என்று சொல்வதற்கும் காதில் விழுகிற வித்தியாசம் அக்காவுக்குத் தெரியும். 'வாபஸ்' என்றால் யாரோ பெரிய மனசு பண்ணின மாதிரி ஒலிக்கிறது.

காப்பு விஷயம் இன்னும் முடியவில்லை. கைதுக்கு அடுத்த வாரம் போலீஸ் அதைக் கடையிலிருந்து எடுத்துப் போய் எஸ்.ஏ.பி. 13 என்கிற பொருள் பதிவில் வைத்திருந்தது. வழக்கு இல்லை என்றான பிறகு, யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடம் கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு. ஆகவே காப்பு கடைக்குத்தான் போனது. அக்கா அடகுப் பணத்தைக் கட்டினால் கடைக்காரர் தர வேண்டும். தேசியக் கடன் சட்டம் 99ஆம் பிரிவின்படி, பொருள் கடையில் இருக்கும்வரை அதன் பொறுப்பு கடையுடையது. வாங்கின நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், தர முடியாவிட்டால் சந்தை மதிப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதலாளி, போலீசிடம் இருந்த மாதங்களுக்கும் வட்டி கேட்டார். அக்கா எதுவும் பேசவில்லை. போனில் இருந்த கட்டைவிரல் படத்தைத் திறந்து கவுண்டர் மேல் வைத்தார். 4000 ரேண்ட் அசலுக்குக் கேட்ட அந்த வட்டி எங்கேயோ போய்விட்டது.

கைதுக்காகக் காவல்துறை அமைச்சர் மேல் இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொன்னார். 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். "எனக்கு அந்த ஸ்டேஷன் வாசலை மறுபடி மிதிக்க வேண்டாம்." நான் கொஞ்சம் வற்புறுத்தினேன், பிறகு விட்டேன். கடையின் மேல் மட்டும் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருக்கிறோம். கேட்டிருப்பது இரண்டு: படம் எப்படி வெளியே போனது என்று எழுத்தில் விளக்கம், இனி கவுண்டரில் நிற்பவர் போனில் ஏட்டைப் படம் எடுக்கக் கூடாது என்ற உத்தரவு.

குழுவில் 'திருடி' என்று போட்ட பதிவை நிர்வாகி அழித்தார், நான் கேட்ட அன்றே. அதற்குள் எத்தனை போனில் பதிவாகியிருக்கும், சொல்ல முடியாது. புகார்காரரின் காப்பு பின்னால் கிடைத்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா தட்டை வாங்கிக்கொண்டார், டீ போட்டுக் கொடுத்தார். கூடவே அவருடைய பிளவுஸ் ஒன்று, பாதி தைத்தது, ஜனவரியிலிருந்து கிடந்தது. அதையும் மடித்து, பாக்கித் துணியோடு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். தைத்து முடிக்கவில்லை, அட்வான்ஸ் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.